லாபம், ரெண்டு, மூணு

ஜூலை 3, திங்கள்

மகளுக்குப் பதிலாக நான் ஆப்பிரிக்கா வந்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். கென்யாவில் அழிந்துவரும் காட்டுநாய்களைக் கண்காணிக்கும் ஒரு திட்டத்தில் நாலு வாரம் தொண்டு செய்ய மைதிலி பணம் கட்டியிருந்தாள். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது தாராபுரம் ரோட்டில் ஸ்கூட்டியோடு விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். பணம் திரும்பாது, ஆள் வேண்டுமானால் மாறலாம் என்று பதில் வந்தது. வீட்டில் பாஸ்போர்ட் உள்ள இன்னொரு ஆள் நான். கிளம்புவதற்குள் பக்ரீத் வியாபாரமும் முடிந்துவிடும்.

"ஏனுங்கப்பா, நீங்க போயி என்ன பண்ணுவீங்க? அங்க நாயை எண்ணோணும்" என்றாள்.

"நாப்பது வருசமா ஆட்டை எண்ணுனவன் நாயை எண்ண மாட்டனா கண்ணு?"

சிரித்துவிட்டு இந்த நோட்டைக் கையில் கொடுத்தாள். தினமும் எழுத வேண்டுமாம். திரும்பி வந்ததும் வாங்கிப் படிப்பாளாம். அதனால் சொல்லிவிடுகிறேன் அம்மிணி: இதில் மெருகு இருக்காது. உன் அப்பன் கன்னிவாடிச் சந்தை ஆட்டு வியாபாரி பொங்கியண்ணன். பன்னிரண்டு வயதில் அடுத்தவர் ஆட்டை மேய்த்துக் கூலி வாங்கியவன், இன்று இரண்டு லாரி ஓட்டுகிறவன். பார்த்ததை எழுதுவேன்.

நைரோபியிலிருந்து ஆறு மணி நேரம் ஜீப். இடுப்பு கழன்றுவிட்டது. லைக்கிப்பியா என்கிற மேட்டு நிலம். ஐந்து கூடாரம், ஒரு தகரக் கொட்டகைச் சமையல்கட்டு, சுற்றிலும் குடை விரித்தாற்போல் வேலமரம். மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைப் பிடித்து நாலு பக்கமும் இழுத்து விட்டால் இப்படித்தான் இருக்கும். குளிர் மட்டும் ஊட்டிக் குளிர்.

ஜூலை 4, செவ்வாய்

இங்கே எல்லாரும் பேசுவது இங்கிலீசு. எனக்குச் சந்தை இங்கிலீசு வரும். அவர்கள் சொன்னதை என் காதில் விழுந்த மாதிரி தமிழில் எழுதுகிறேன்.

திட்டத்தின் தலைவர் டாக்டர் நியாம்புரா. இந்த ஊர்க்காரர், நாற்பது வயதுப் பெண். தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறார். சிரிக்கும்போதும் கண் நம்மை எடை போட்டுக்கொண்டே இருக்கிறது. ஜீப் ஓட்டுவதும் தடம் பார்ப்பதும் லெமயான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், என்னை 'முஸே' என்று கூப்பிடுகிறான். பெரியவரை இங்கே அப்படித்தான் அழைப்பார்களாம். என்னோடு இன்னொரு தொண்டர், ஜெர்மனியில் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இங்கிரிட் அம்மா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

நியாம்புரா ஒரு விதி சொன்னார். கூட்டத்தில் எத்தனை நாய் இருக்கிறது என்ற பழைய கணக்கைத் தொண்டர்களுக்குச் சொல்லமாட்டாராம்.

"சொன்னா உங்க கண்ணு அந்த எண்ணைத் தேட ஆரம்பிச்சுடும். நீங்க பார்க்கிறதைத்தான் எனக்குச் சொல்லணும்."

நல்ல வியாபாரி. வாங்கிய விலையைச் சொல்லாமல் விற்கும் விலையைக் கேட்கிறார். எனக்குப் பிடித்துவிட்டது.

ஜூலை 5, புதன்

இன்று முதல் எண்ணிக்கை.

விடிவதற்குள் ஜீப்பில் போய்க் காய்ந்த ஓடைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினோம். அந்தப் பக்கம் ஒரு கரையில் வளை. உள்ளே குட்டிகள் இருக்கின்றன. வெளிச்சம் வந்ததும் வளை வாசலில் ஒரு பெட்டை வந்து நின்றது. இடது காது கிழிந்தது. அதுதான் தாய். நம் ஊர்ச் செந்நாய் மாதிரி இல்லை. கறுப்பு, மஞ்சள், வெள்ளை எல்லாம் திட்டுத் திட்டாகக் கலந்து, திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீரில் விழுந்து எழுந்த மாதிரி உடம்பு. அப்பளம் மாதிரி வட்டக் காது. அதன் பிறகு புதரடியில் படுத்திருந்தவை ஒவ்வொன்றாக எழுந்தன. ஒன்றையொன்று முகர்ந்து, கீச்சுக் கீச்சென்று குருவி போலக் கத்திக்கொண்டு, திடீரென்று ஓடையைத் தாண்டி வேட்டைக்குக் கிளம்பிவிட்டன. அரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் எண்ண வேண்டும். வழக்கமாகப் படம் பிடித்துப் புள்ளியைப் பார்த்து அடையாளம் காண்பார்களாம். இரண்டு கேமராவில் ஒன்றைக் கழுதைப்புலி கடித்துப் போட்டுவிட்டது. இன்னொன்று பாதி நாயைத்தான் பிடிக்கிறது.

பட்டிப் படலைத் திறந்துவிட்டால் இருநூறு ஆடு ஒரே பாய்ச்சலில் வரும். அதை எண்ணிப் பழகிய கண் இது. ஏற்பாடு இதுதான்: நான் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வேன். இங்கிரிட் அம்மா கையில் ஒரு எண்ணும் பொத்தான். நான் ஒவ்வொன்று சொல்லும்போதும் அமுக்குவார்.

தாய் வந்ததும் "லாபம்" என்றேன். நம் சந்தையில் முதல் உருப்படியை ஒன்று என்று சொல்வதில்லை. ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடும். ஆட்டுக்கே லாபம் என்று ஆரம்பிக்கிறோம், அழிந்துகொண்டிருக்கிற நாய்க்கு விட்டுவிடுவேனா? லாபம், ரெண்டு, மூணு என்று தமிழிலேயே ஓட்டினேன். தமிழில்தான் என் வாய் ஓடும்.

பதினாலு.

ஒன்றுகூடத் தப்பவில்லை. லெமயான் திரும்பிப் பார்த்து, "முஸே, போன மாசம் வந்தவங்க ஆளுக்கொரு கணக்குச் சொல்லிச் சண்டை போட்டாங்க" என்றான். எனக்கு அவன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கிரிட் அம்மா தாளில் எழுதி மடித்து உறையில் போட்டார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. சொல்கிறவன் எழுதுகிறவனைச் சந்தேகப்பட்டால் சந்தை நடக்காது.

ஜூலை 6, வியாழன்

பாத்திரம் கழுவும் முறை எனக்கு. மாமனார் வீட்டு விருந்தில்கூடத் தட்டை எடுத்து வைத்ததில்லை. உன் அம்மாவிடம் சொல்லாதே.

ஜூலை 8, சனி

லெமயானோடு பார்சலோயின் பட்டிக்குப் போனேன். வளை இருக்கும் ஓடைக்கரை அவர் குடும்பத்து மேய்ச்சல் நிலம். அங்கே கால்நடையை இறக்காமல் விட்டிருப்பதால்தான் நாய் குட்டி போட்டிருக்கிறது. அதற்கு ஈடாக, நாய் அடித்த ஆட்டுக்குத் திட்டம் ஆடு கொடுக்கும். இதுதான் ஒப்பந்தம்.

பார்சலோய்க்கு என் வயது இருக்கும். ஒல்லி, நெட்டை, சிவப்புப் போர்வை. சுற்றிலும் முள்ளை அடுக்கிய பட்டி. நம் பட்டியேதான், படல் மட்டும் இல்லை. ஆடுகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. அவர் எண்ணவில்லை. வாசலில் நின்று ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்து உள்ளே விட்டார், அவ்வளவுதான். ஒன்று குறைந்தால் முகம் குறைவது தெரிந்துவிடுமாம்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு கிடாயைப் பிடித்து வாயைத் திறந்து பல் பார்த்தேன். நாலு பல், ரெண்டு வயது. விரலைக் காட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு லெமயானிடம் ஏதோ சொன்னார்.

"என்னங்க சொல்றாரு?"

"ஒருவழியா இப்பத்தான் ஒரு மனுசனை அனுப்பியிருக்காங்கன்னு சொல்றாரு."

அம்மிணி, உன் அப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆனால் ஆள் கோபத்தில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் நாய்கள் அவர் ஆட்டை அடித்திருக்கின்றன. ஈடு இன்னும் வரவில்லை. காரணம், திட்டத்தின் படிவத்தில் எத்தனை ஆடு என்று எண் எழுத வேண்டும். அவர் எண்ணைச் சொல்லமாட்டார். உயிருள்ளதை எண்ணிச் சொன்னால் அது குறையும் என்பது அவர்கள் நம்பிக்கை. "வெள்ளை வயிற்றுப் பழுப்பு, தொங்கு காது, ஒற்றைக் கொம்பு" என்று நிறத்தையும் அடையாளத்தையும் சொல்கிறார். படிவம் எண் கேட்கிறது. ஆபீசில் அது அப்படியே கிடக்கிறது.

"ஈடு வரலைன்னா நாய்க்கு விஷ மருந்து வைக்கிறேன்னு போன வாரம் தண்ணித் துறையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு" என்றான் லெமயான் திரும்பும் வழியில். "கோவத்துல சொன்னது முஸே. ஆனா சொன்னது சொன்னதுதானே."

ஜூலை 10, திங்கள்

காலையில் ரொட்டி பங்கு போடும்போது இங்கிரிட் அம்மா கையை உயர்த்தி "லாபம்!" என்று கத்திவிட்டுப் பிறகு ஒன், டூ என்று ஆளாளுக்குப் போட்டார். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கன்னிவாடிச் சந்தையின் வார்த்தை ஜெர்மன்காரி வாயில்! கொங்கு நாட்டுக் கணக்கைக் கண்டம் தாண்டிக் கொண்டுவந்து விட்டேன்.

டயர் பஞ்சர். ஒட்டினேன்.

ஜூலை 12, புதன்

பதினாலு.

ஜூலை 13, வியாழன்

பதினாலு. இரண்டு கம்பிக் கண்ணிகளைக் கண்டெடுத்து அறுத்தோம். மானுக்கு வைத்தது. நாய் மாட்டினாலும் சாகும்தான்.

ஜூலை 14, வெள்ளி

மதியம் நியாம்புரா எல்லாரையும் கூப்பிட்டார். முகம் சரியில்லை. மூன்று தாளும் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தது.

"ஒரு நாய் குறையுது. மூணு எண்ணிக்கையிலயும் குறையுது."

என் பக்கம் திரும்பினார். "முஸே பொங்கி, நீங்கதான் எண்ணினீங்க. ஒண்ணு விட்டுப்போயிருக்கலாமா? புதர், வெளிச்சம், எதுனாலயும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வார்த்தையை வெச்சுத்தான் நான் அடுத்தது செய்யணும்."

யோசிக்கவே இல்லை. "நாப்பது வருசத்துல என் எண்ணிக்கை தப்புனதில்லீங்க. மூணு நாளும் ஒரே கணக்கு. நாய் குறையுதுன்னா குறையுதுதான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வனத்துறைக்குக் கடிதம் எழுதப் போனார். செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்து பார்சலோயை விசாரித்து, பட்டியைச் சோதிப்பார்களாம். மருந்து கிடைத்தால் அழைத்துப் போவார்கள்.

லெமயான் எழுந்து வெளியே போனான். அவனுக்கு அவர் பெரியப்பன் முறை என்று இன்றுதான் தெரிந்தது.

எண்ணிக்கை எண்ணிக்கைதான். நான் பார்த்ததைச் சொன்னேன்.

ஜூலை 15, சனி

நாள் முழுக்கச் செத்த நாயைத் தேடினோம். கழுகு வட்டமிட்ட இடத்துக்கெல்லாம் போனோம். ஒரு வரிக்குதிரை, ஒரு பழைய மாடு. நாய் இல்லை.

சாயந்திரம் பார்சலோயிடமிருந்து ஆள் வந்தான். சேதி: "என் பட்டிக்குள்ள சோதனைக்குக் கால் வெச்சா அன்னைக்கே மாட்டை ஓடைக்கரையில இறக்கிடுவேன்." மாடு இறங்கினால் வளை மிதிபடும். குட்டிகள் இன்னும் சரியாக நடக்கவில்லை. தாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ராத்திரி உகாலி என்கிற மக்காச்சோளக் களியைத் தட்டோடு ஒதுக்கி வைத்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

குன்றில் ஏறி மைதிலிக்குப் போன் போட்டேன். அங்கேதான் சிக்னல்.

"பதினாலுங்களாப்பா? அப்பறம் முன்னாடி எத்தனையாம்?"

"பழைய கணக்கைச் சொல்ல மாட்டாங்க கண்ணு. பதினஞ்சா இருக்கோணும்."

"இருக்கோணும்னா? கேட்டுப் பாக்கலீங்களா?"

"எண்ணுறவன் கேக்கப்படாது. அதான் வெதி."

"கேட்டுருக்கலாமுங்கப்பா" என்றாள்.

கால் கட்டை எப்போது பிரிப்பார்கள் என்று கேட்டேன். வியாழன்.

ஜூலை 17, திங்கள். ஆடி ஒன்று

ஊரில் கிடாய் விலை ஏறியிருக்கும்.

காலையில் அவித்த முட்டை. இங்கிரிட் அம்மா பாத்திரத்தோடு வந்து, வெறும் கையை உயர்த்தி "லாபம்!" என்றார். பிறகுதான் முதல் முட்டையை எடுத்து என் தட்டில் வைத்து "ஒன்" என்றார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா, லாபம்னா என்னன்னு நெனச்சீங்க?"

"தயாரான்னு அர்த்தம்தானே? தாய் நாய் வெளிய வந்ததும் சொல்வீங்களே. அதைக் கேட்டதும் பொத்தான்ல விரலை வெச்சுக்குவேன்."

"அமுக்க மாட்டீங்களா?"

"அதுக்கு எதுக்கு அமுக்கணும்? நீங்க எண்ண ஆரம்பிச்ச பிறகுதான் அமுக்குவேன்."

முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஆபீஸ் கூடாரத்துக்குப் போனேன். நியாம்புரா தண்ணீர் லாரிக்காரனோடு வெளியே பேசிக்கொண்டிருந்தார். மூன்று தாளையும் நிமிர்த்திப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. பதிமூணு. பதிமூணு. பதிமூணு. கணக்குப் பலகையை ஒரு துணி போட்டு மூடியிருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன். பழைய கணக்கு: பதினாலு.

ஒரு நாயும் சாகவில்லை. காது கிழிந்த தாயை நான் மூன்று நாளும் லாபம் என்றேன், இங்கிரிட் அம்மா அதை எண்ணில் சேர்க்கவில்லை. நம் சந்தையில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும் லாபம் என்றால் ஒன்று என்று. இந்தத் தப்பை இந்த உலகத்தில் எங்களைத் தவிர யாராலும் செய்ய முடியாது.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுதலாம். மைதிலி, நீ படிப்பாய் என்பதால் எழுத மனம் வரவில்லை. உடனே போகவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளை விடியலில் ஒன்று, ரெண்டு என்று எண்ணினால் பதினாலு வரும். "நாய் திரும்பி வந்துட்டுது" என்பார்கள். கடிதம் ரத்தாகும். யாருக்கும் நட்டமில்லை. என் நாற்பது வருசமும் நிற்கும். சந்தையில் இதைவிடச் சின்னச் சங்கதிக்கு இதைவிடப் பெரிய சாமர்த்தியம் செய்திருக்கிறேன்.

வெளியே லெமயான் ஜீப்பின் கீழே படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். மூன்று நாளாக என்னிடம் அவன் பேசிய ஒரே வார்த்தை "ஸ்பானர்".

நாய் திரும்பி வந்தது என்று விட்டால், அடுத்த முறை ஒன்று குறையும்போதும் எல்லாரும் பார்சலோயின் வாசலைத்தான் பார்ப்பார்கள். மருந்து வைக்கிற ஆள் என்ற பேச்சு அப்படியே நிற்கும். என் பேர் நிற்பதற்கு அவர் பேர் விழ வேண்டுமா? ஆடு படலைத் தாண்டுவதற்குள் சொன்னால் பிழை, தாண்டிய பிறகு சொன்னால் களவு. என் பட்டியில் நான் ஆட்களுக்குச் சொல்லும் சொல் இது.

போனேன். எல்லாரையும் கூப்பிடச் சொன்னேன். லெமயானையும்தான். நின்றுகொண்டே சொன்னேன்.

நியாம்புரா முதலில் புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க வார்த்தையை வெச்சுத்தான் கடிதம் எழுதினேன் முஸே."

"ஆமாங்க. அந்த வார்த்தைதான் தப்பு. இந்தம்மா மேல ஒண்ணுமில்லை. நான் சொன்ன சொல்லுக்கு அர்த்தம் சொல்லாம உட்டது நான்."

இங்கிரிட் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். லெமயான் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அப்படின்னா கிழிஞ்ச காதுக்காரியோட பேர் லாபம் இல்லையா?" என்றான். "நீங்க அவளுக்கு வெச்ச பேருன்னு நெனச்சேன். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

நியாம்புரா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு.

சிரித்து முடித்து, "கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறேன். ஆனா நாளைக்கு மறுபடி எண்ணணும். லெமயானும் தனியா எண்ணட்டும்" என்றார். சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஜூலை 18, செவ்வாய்

லெமயான் தன் மொழியில் தனியாக எண்ணினான். இங்கிரிட் அம்மா பொத்தானோடு. கிழிந்த காதுக்காரி வாசலுக்கு வந்தாள். "ஒண்ணு" என்றேன். வாய் கசந்தது. நாற்பது வருசத்தில் முதல் தடவை.

என் கணக்கு பதினாலு. அவன் கணக்கு பதினாலு. பொத்தானில் பதினாலு.

அவை ஓடையைத் தாண்டும்போது முதல் வெயில் முதுகில் அடித்தது. பதினாலும் உயிரோடு ஓடுவதைப் பார்த்தேன். சொந்தப் பட்டியில் நோய் வந்து போன பிறகு ஆடு முழுசாக வெளியே வந்த நாள் ஒன்று உண்டு, அந்த மாதிரி இருந்தது. லெமயான் என் தோளைத் தட்டினான்.

ஜூலை 20, வியாழன்

விசாரணை இல்லை என்று பார்சலோய்க்குச் சேதி போனது. அது போதவில்லை. என்னை மருந்து வைத்தவன் என்று பேசியாகிவிட்டது, இனி ஓடைக்கரையை விட்டுவைக்க முடியாது, மாட்டை இறக்கப் போகிறேன் என்று பதில். நியாம்புரா மன்னிப்புக் கேட்கப் போனார். மரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். பேசியது படிவத்தில் வந்து நின்றது. இவர் எண் கேட்டார், அவர் சொல்லமாட்டேன் என்றார். எழுந்துவிட்டார்கள்.

"எண் இல்லாம ஈடு கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எண்ணைச் சொன்னா ஆடு குறையும்னு அவர் நம்பறார். நான் யாரை மாத்தறது?" என்றார் நியாம்புரா.

எனக்கு அப்போதுதான் தட்டியது. தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"அம்மா, அவரு சொல்ல வேண்டாம். நான் போறேன்."

"நீங்க போயி?"

"தப்புப் பண்ணுனவன் நான்தானுங்க. பேரமும் நான்தான் பேசோணும்."

மைதிலிக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்களாம். குறுஞ்செய்தி வந்தது.

ஜூலை 22, சனி

மரத்தடி. ஆறு பெரியவர்கள், பார்சலோய், நியாம்புரா, லெமயான், இங்கிரிட் அம்மா. முதலில் நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். லெமயான் மொழிபெயர்த்தான்: எங்கள் ஊரில் முதல் ஆட்டை ஒன்று என்று சொல்லமாட்டோம், சொன்னால் பெருகாது, அதனால் லாபம் என்போம், அதில் வந்த பிழை இது, நாய் சாகவில்லை, இவர் மருந்து வைக்கவில்லை, என் வாய்தான் இவர்மேல் பழி போட்டது.

பிறகு பார்சலோய் கேட்டார்.

"உங்க ஊர்லயும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டோமுங்க."

"ஏன் இதை முதல்லயே சொல்லலை?" என்று பக்கத்திலிருந்த பெரியவரிடம் சலித்துக்கொண்டார். நான்தான் சொல்லியிருக்க வேண்டும், அது சரி.

துண்டை எடுத்து உதறினேன். அவர் எதிரில் உட்கார்ந்து அவர் வலது கையைப் பிடித்து என் கைமேல் வைத்து, இரண்டையும் துண்டால் மூடினேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெரியவர் ஏதோ சொல்ல, கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. "கல்யாணம் நடக்குதான்னு கேக்கறாரு" என்றான் லெமயான்.

"சொல்லு லெமயான். எங்க சந்தையில வெலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். துண்டுக்குள்ள வெரலைப் பிடிப்போம். ஒரு வெரலுக்கு ஒரு ஆடு. யாரும் எண்ணைச் சொல்லலை, யாரும் கேக்கலை. கைக்கு மட்டும் தெரியும்."

பார்சலோயின் முகத்தில் சிரிப்பு நின்றது. துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே அவர் கை என் விரல்களைத் தேடியது. ஆட்டின் மடியைத் தடவிப் பழகிய கை, சொரசொரவென்று இருந்தது. என் விரலைப் பிடித்தார். இன்னொன்று. இன்னொன்று. விட்டார். வெள்ளை வயிற்றுப் பழுப்பு, தொங்கு காது, ஒற்றைக் கொம்பு.

நான் நியாம்புராவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி என் இடது கை விரல்களைக் காட்டினேன். அவர் படிவத்தில் எழுதினார். இரண்டு மாதமாகக் காலியாகக் கிடந்த கட்டம் ஒரு சத்தமும் இல்லாமல் நிரம்பியது.

அடுத்தது பழிக்கு ஈடு. அது என் பாடு, திட்டத்துக்குச் சம்பந்தமில்லை. பார்சலோய் என் முழுக் கையையும் அழுத்திப் பிடித்தார். ஐந்து! ஆள் கற்றுக்கொண்ட வேகத்தைப் பாரேன். பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டால் அவரை மதிக்காத மாதிரி. சுண்டுவிரலைப் பாதி மடித்து நீட்டினேன், குட்டி ஒன்று என்று. அவர் கையை உதறிக்கொள்ளப் பார்த்தார். விடவில்லை. மூன்று என்றார். ஒன்று என்றேன். துண்டுக்குள் இரண்டு பாம்பு சண்டை போட்டது. வெளியே எங்கள் இரண்டு பேர் முகமும் கல். கடைசியில் என் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு, தன் மறு கையால் வயிற்றைத் தடவிக் காட்டினார். ஒன்று, ஆனால் சினை. அழுத்தி ஒத்துக்கொண்டேன். துண்டை எடுத்ததும் மரத்தடி முழுக்கக் கை தட்டியது.

அம்மிணி, மணப்பாறையிலும் பொள்ளாச்சியிலும் எத்தனையோ பேரம் முடித்திருக்கிறேன். இந்த வியாபாரம் போல ஒன்று முடித்ததில்லை. லெமயான் "முஸே" என்று என் கையைக் குலுக்கிவிட்டு, பிடியை விட மறந்து நின்றான். நியாம்புரா படிவத்தை மடிக்கும்போது, "மைதிலியை அடுத்த வருசம் அனுப்புங்க. துண்டோட அனுப்புங்க" என்றார்.

முடிந்த ஒப்பந்தம் இது. நாய் அடித்த மூன்று ஆட்டுக்கு மூன்று ஆடு, திட்டம் பத்து நாளில் கொடுக்க வேண்டும். பழிக்கு ஒரு சினையாடு, நான் கொடுக்க வேண்டும், பல்லை நான் பார்க்கலாம், ஆட்டை அவர் தேர்ந்தெடுப்பார். இனி இழப்பைத் துண்டுக்குள் சொன்னாலே போதும், படிவத்தில் அது செல்லும். துண்டு பார்சலோயிடமே இருக்கும். குட்டிகள் வளையை விட்டுப் போகும்வரை ஓடைக்கரையில் மாடு இறங்காது. கிழிந்த காதுக்காரிக்கு ஊரில் ஏற்கெனவே வழங்கிவிட்ட பேரே பேர். எண்ணும்போது முதல் நாயை ஒன்று என்று சொல்லக் கூடாது, அது பார்சலோய் வைத்த நிபந்தனை. லாபம் என்றே சொல்ல வேண்டும். இங்கிரிட் அம்மா பொத்தானை அமுக்க வேண்டும்.